ஒன்று, இரண்டு என்று எண் போடும் பதிப்பாளர்களுக்கு

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மிகுபுனைவு, அறிவியல் புனைகதைத் தொடர்களை வெளியிடுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். புத்தகத்தின் முதுகில் நீங்கள் போடுகிற எண்களைப் பற்றித்தான் என் வழக்கு.

சி. எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய நார்னியா கதைகள் ஏழையும் அந்த எண் வரிசையில்தான் முதலில் படித்தேன். ஒன்றாம் புத்தகத்தில் அந்த உலகம் பிறக்கிறது. மண்ணில் விழுந்த ஓர் இரும்புத் துண்டு விளக்குக் கம்பமாக முளைக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் லூசி என்ற சிறுமி துணி அலமாரிக்குள் நுழைந்து, பனிக்காட்டின் நடுவே தனியாக எரிந்துகொண்டிருக்கும் அந்த விளக்கைப் பார்த்துத் திகைக்கிறாள். நான் திகைக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

லூயிஸ் லூசியின் கதையை வெளியிட்டது 1950-இல். கம்பம் முளைத்த கதை 1955-இல்தான் வந்தது. 1994-க்குப் பிறகு வந்த ஆங்கிலப் பதிப்புகள், கதைக்குள் எது முன்னால் நடந்ததோ அதற்கு ஒன்றாம் எண்ணைக் கொடுத்துவிட்டன. முதல் வாசகர்கள் ஐந்து வருடம் மனதில் வைத்திருந்த ஒரு கேள்விக்கு, அதைக் கேட்கும் முன்பே எனக்குப் பதில் வந்துவிட்டது.

லூயிஸே அந்த வரிசையைத்தான் விரும்பினார் என்று நீங்கள் சொல்லலாம். 1957-இல் ஒரு சிறுவனுக்கு அவர் எழுதிய கடிதம் உங்கள் பக்கம் பேசுவது உண்மைதான். எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை போலும் என்று அதே கடிதத்தில் அவர் எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, அது போகட்டும். என்னை இந்த மடலை எழுத வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகில் நடக்கும் அவருடைய புத்தகங்களை, சூடு கண்ட பூனையாக, வெளிவந்த ஆண்டு பார்த்துப் படித்தேன். 1968 முதல் 1972 வரை மூன்று நாவல்கள். மந்திரவாதிகள் எல்லோரும் ஆண்கள். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று நாயகன் பிறந்த தீவில் சொலவடையே உண்டு. படிக்கும்போது இது கொஞ்சம் உறுத்தியது. பழைய புத்தகம், அப்படித்தான் இருக்கும் என்று கடந்துவிட்டேன்.

பதினெட்டு வருடம் கழித்து, 1990-இல், 'டெஹானு' வருகிறது. பழைய நாயகனான மாபெரும் மந்திரவாதி சக்தியெல்லாம் இழந்து திரும்புகிறான். கதையோ அவனுடையது அல்ல. கணவனை இழந்து பண்ணை வீட்டில் வாழும் ஒரு பெண், தீயில் வெந்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள். ஆட்டுப் பாலும் பாத்திரம் கழுவுவதுமாக நகர்கிற அந்த வீட்டுக்குள்ளிருந்து, பழைய சொலவடை என்ன விலை கேட்டது என்று லெ குவின் காட்டுகிறார். பழைய புத்தகங்களில் ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. அதே தீவில் நின்றுகொண்டு வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு உறுத்தியது அவருக்கும் உறுத்தியிருக்கிறது என்று தெரிந்த அன்றிரவு நான் தூங்கவில்லை.

அதற்கு 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று துணைத்தலைப்பு வேறு. 2001-இல் மேலும் இரண்டு வந்தன. கடைசி என்று சொன்னது தப்பு என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த இரண்டில் ஒன்றான கதைத் தொகுப்பில், முதல் நாவலுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. ரோக் பள்ளியை உருவாக்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்று அதில் தெரியவருகிறது. முப்பத்து மூன்று வருடம் பூட்டியிருந்த கதவு அது. உங்கள் எண் முறைப்படி இந்தக் கதைதான் ஒன்றாம் புத்தகத்தில் வர வேண்டும், இல்லையா? வந்திருந்தால் அது வெறும் தகவலாகப் போயிருக்கும்.

அவருடைய அறிவியல் புனைகதைகளிலும் இப்படித்தான். விண்மீன்களுக்கு இடையே நொடியில் செய்தி அனுப்பும் 'ஆன்சிபிள்' கருவி 1966-இலேயே வந்துவிடுகிறது. அதற்கான கோட்பாட்டைக் கண்டுபிடிக்கும் இயற்பியலாளரின் கதை 1974-இல்தான். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் (1969) நிலையான ஆண், பெண் பேதம் இல்லாத மனிதர்களை அவர் ஆண்பால் பிரதிப்பெயரால் எழுதினார். 1976-இல் ஒரு கட்டுரை எழுதி அதை நியாயப்படுத்தினார். 1980-களில் அதே கட்டுரைக்குள் தன்னையே மறுத்துக் குறிப்புகள் சேர்த்தார். (தமிழில் எழுதியிருந்தால் 'அவர்' என்று போட்டுத் தப்பித்திருப்பார். ஆனால் இந்தச் சண்டையும் நமக்குக் கிடைத்திருக்காது.)

ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து படிக்கும்போது கதைக்குப் பின்னால் இன்னொரு கதை ஓடுகிறது. ஒரு மனிதர் முப்பது வருடத்தில் எதையெல்லாம் மாற்றி யோசித்தார் என்கிற கதை. நீங்கள் போடும் எண் அதைத்தான் கலைத்துப் போடுகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு புத்தகமும் முதலில் வந்த ஆண்டைத் தலைப்புப் பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள், பதிப்புரிமைப் பக்கத்துப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். தொகுப்பு நூல் என்றால் வெளிவந்த வரிசையையே வையுங்கள். ஆசிரியரின் பிற்கால முன்னுரையைப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டால் பாதி முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. கதைக்குள் உள்ள காலவரிசை வேண்டும் என்பவர்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். அப்புறம், எர்த்ஸீயின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன் என்று முதல் நாவலிலேயே இருக்கிறது. அட்டையில் அவனை வெளுத்துப் போட்டவர்களை லெ குவின் கடைசி வரை திட்டிக்கொண்டிருந்தார். அட்டைப் படம் வரைபவரிடம் புத்தகத்தையும் கொடுங்கள்.

அடுத்து இன்னொருவரின் ஒன்பது நாவல்களை மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். அவற்றின் முதுகில் இருக்கும் எண்கள்மீது காகிதம் ஒட்டி, பென்சிலால் ஆண்டு எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்