மகளுக்கு, சீனக்குடாவிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

"உங்கள் ஊர்க்காரர் இந்தியாவின் பக்கமா, சீனாவின் பக்கமா?" என்று உன்னோடு வேலை செய்பவர்கள் கேட்டதாகப் போன கிழமை சொன்னாய். அந்த நேரம் எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எண்ணெய்க் குதங்களின், எண்ணெய் சேமிக்கும் அந்தப் பெரிய தொட்டிகளின், பக்கம் சைக்கிளில் போனேன். சின்ன வயதில் நீ என் தோளில் இருந்தபடி எண்ணத் தொடங்கி, காடு மறைக்கப் பாதியில் விட்டாயே, அவைதான். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்கென்று கட்டியவற்றில் 99 எஞ்சி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். பலவற்றில் கூரைவரை கொடி ஏறிவிட்டது. துரு செதில் செதிலாக உரிகிறது.

நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்துக்கு அடிபடுவது இன்று நேற்று வந்ததல்ல. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். ஒரே ஆண்டில் கோட்டையில் மூன்று கொடிகள்! 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. பிரித்தானியக் கடற்படை 1957இல்தான் போனது.

பிறகு 1987 ஜூலை. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் நம் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களைத்தான் நீ வாசிக்க வேண்டும். திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்று அவற்றில் இருக்கிறது. குதங்களை இரண்டு நாடுகளும் சேர்ந்து சீரமைப்பது என்றும் இருக்கிறது. அன்று டில்லியின் பயம் அமெரிக்கா, இன்று சீனா. அந்தப் பயத்துக்கான ஏற்பாடு உடனே கிடைத்துவிட்டது. சீரமைப்போ முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் பதினைந்து குதங்களைத் தாண்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுப்பவர்களுக்குக் குதம் தேவையில்லை, பிள்ளை. அது மற்றவன் கைக்குப் போகாமல் இருந்தால் போதும். இத்தனை ஆண்டு பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற 2022ஐ நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. ஜனவரியில் குதங்களைப் பங்கிட்டு ஒப்பந்தம்: இந்திய நிறுவனத்துக்கு 14, நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த நிறுவனத்துக்கு 61. அடுத்த மாதமே எரிபொருள் வாங்க இந்தியா 50 கோடி டொலர் கடன் தந்தது. அந்தக் கடன் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஓகஸ்டில், 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போன அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில், செய்மதிகளையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கிற சீனாவின் 'யுவான் வாங் 5' கப்பல் வந்து நின்றது. இந்தியா எதிர்த்தது, கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொல்லிவிட்டுப் பிறகு அனுமதித்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் அந்தக் கப்பலைப் பற்றி எழுதின. அந்த ஆண்டு அம்மாவை மருந்துக்குக் கூட்டிப்போக இரண்டு லீற்றர் பெற்றோல் தேடி, இரண்டு இரவு மோட்டார் சைக்கிளோடு வீதியில் படுத்தேன். 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில்.

ஆகவே அவர்கள் திரும்பக் கேட்டால், எங்களிடம் எவரும் எதையும் கேட்டதில்லை என்று சொல்.

சின்னத்தையின் மகன் வருகிற செவ்வாய் கட்டாருக்குப் புறப்படுகிறான். எண்ணெய்க் குதங்கள் துருப்பிடிக்காமல் பராமரிக்கிற வேலையாம். போகுமுன் அவனோடு ஒரு வார்த்தை பேசு.

அன்புடன்,
அப்பா