அளந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொன்மையான கட்டடங்களை லேசர் கருவியால் முப்பரிமாணத்தில் பதிவுசெய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். சங்கிலி இழுத்த காலத்து ஆள். அந்தக் கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கருவியைத் தூணுக்கு எதிரே நிறுத்தினால் தூணின் முதுகு அதற்குத் தெரியாது. திரையில் அந்த இடம் வெறும் கறுப்பு. ஆகவே இடம் மாற்றி மாற்றி நிறுத்தியாக வேண்டும். பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 50க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அளந்தார். 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகள் (லேசர் ஒளி பட்டுத் திரும்பிப் பதிவான ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி)! 2018 நவம்பரில் அவர் மறைந்தார். 2019 ஏப்ரலில் கூரை எரிந்தது. அவர் எடுத்த அளவுகள் மிஞ்சின.

அவை மிஞ்சியது பெரிதல்ல, திறந்து பார்க்க முடிந்ததே பெரிது. பணியின் கடைசி ஆண்டுகளில் ஒரு பழைய மண்டபத்தை அளக்க நானும் உடன் போனேன். ஈரக் கல்லும் மெருகேறிய கல்லும் ஒளியைச் சரியாகத் திருப்பித் தராமல் பாடாய்ப் படுத்தின. சென்ற ஆண்டு அந்தப் பதிவைக் கேட்டபோது வன்தட்டை எடுத்து நீட்டினார்கள். அதைத் திறக்கும் மென்பொருள் இப்போது யாரிடமும் இல்லையாம். என் கையால் வரைந்த பழைய தாள் வரைபடமோ இன்னும் பளிச்சென்று இருக்கிறது (கரையான் அரித்த ஒரு மூலையைத் தவிர).

அளவெடுக்கும் ஒப்பந்தத்திலேயே, எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய உரைக் கோப்பாகவும் புள்ளிகளைத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்