மலையைக் குடையும் தேதியைச் சொல்லுங்கள்: ஐஸ்லாந்து அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உள்கட்டமைப்பு அமைச்சர் அவர்களுக்கும் ஆல்திங்கி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நாட்டின் கிழக்குக் கரையில் சேய்திஸ்ஃபியோர்துர் என்னும் சிற்றூரில் குடியிருப்பவன் நான். இந்த மடலை ஐஸ்லாந்திய மொழியிலும் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மனதில் இருப்பதை மிச்சம் வைக்காமல் சொல்ல எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கிறது, அதனால் தமிழிலும் எழுதுகிறேன்.

ஃபியார்தார்ஹெய்தி மலைச்சாலையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து நகரமான எகில்ஸ்ஸ்தாதிரிலிருந்து எங்கள் ஊருக்கு 27 கிலோமீட்டர், நடுவில் சுமார் 620 மீட்டர் உயரம். ஊருக்கு வர வேறு சாலை கிடையாது. அந்த மலைக்கடியில் 13 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான சுரங்கப்பாதை ஒன்றைப் பல ஆண்டுகளாக நீங்கள் எங்களுக்கு வாக்களித்து வருகிறீர்கள். தடம் தேர்ந்தெடுத்தாயிற்று, சுற்றுச்சூழல் ஆய்வும் ஆயிற்று. 2023இல் அரசு வெளியிட்ட சுரங்கப்பாதைகளின் வரிசையில் முதல் பெயர் எங்களுடையது. இப்போது அந்த முதலிடம் எங்களிடம் இல்லை. வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டால் தேதி சொல்ல யாரும் முன்வரவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் மலையைக் குடையத் தொடங்கும் தேதியைச் சொல்லுங்கள், அதற்கான பணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்த இரவைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சுகாதார நிலையம் இருக்கிறது, நல்ல செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிழக்குப் பகுதிக்கே பிரசவ வார்டு ஒன்றுதான். அது நெஸ்கோய்ப்ஸ்தாதுர் மருத்துவமனையில் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்பகுதியை ஃபியோர்டு என்போம்; எங்கள் ஃபியோர்டுக்கும் அந்த ஊர் ஃபியோர்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஃபியோர்டு. சாலை வழியாகப் போனால் மலையேறி எகில்ஸ்ஸ்தாதிருக்கு இறங்கி, அங்கிருந்து இன்னொரு பள்ளத்தாக்கைத் தாண்டி ரெய்தார்ஃபியோர்துர், எஸ்கிஃபியோர்துர் என்று சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதனால் குளிர்காலத்தில் பிள்ளை பெறும் பெண்கள் நாள் நெருங்கும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, மருத்துவமனைக்குப் பக்கத்தில் எங்காவது போய்த் தங்க வேண்டியிருக்கிறது. மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதா, அப்பாவோடு விட்டுவிட்டுத் தனியாகப் போவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் இதே கணக்குதான். நாங்களும் போட்டோம். அந்த வார இறுதியில் கிளம்புவதாக இருந்தோம். வலி அதற்கு முன்பே வந்துவிட்டது.

சாலை நிலவர வரைபடத்தில் எங்கள் மலை சிவப்பாக இருந்தது. மூடியாயிற்று. கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் இருப்பது ரெய்க்யவிக்கில். அந்தப் பனிப்புயலில் அது கிளம்பினாலும் இந்த ஃபியோர்டுக்குள் இறங்க முடியாது. மீட்புக் குழுவைச் சேர்ந்த ஊர்க்காரர்கள்தான் பெரிய சக்கரம் வைத்த வண்டியோடு வந்தார்கள். முன்னால் பனி அகற்றும் வண்டி, பின்னால் நாங்கள். மேலே ஏற ஏற முன்னே போகும் வண்டியின் விளக்குகூட மறைந்துவிட்டது. ஓட்டியவர் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சாலையோர மஞ்சள் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஓட்டினார். ஒரு கம்பம் தெரியும், நகர்வோம். அடுத்தது தெரியும் வரை நிற்போம். செவிலியர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பேசவே இல்லை. பேசினால் என் பயம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

எஸ்கிஃபியோர்துரைத் தாண்டி நோர்த்ஃபியோர்துர் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் காற்றின் சத்தம் சட்டென்று நின்றது. விளக்குகள், காய்ந்த தார்ச்சாலை, ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அந்த இரவில் அவள் முதன்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டது அங்கேதான். "இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்றாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மருத்துவமனையில் எங்களைத் தாங்கிக்கொண்டார்கள். எனக்கு யார்மீதும் புகார் இல்லை. புகார் அந்த மலைமீதும், அதைத் தெரிந்தும் தள்ளிப்போடும் உங்கள் முடிவின்மீதும்தான்.

அந்தச் சுரங்கத்தின் கதை உங்களுக்குத் தெரியும். நெஸ்கோய்ப்ஸ்தாதுர் மக்கள் பல பத்தாண்டுகள் ஓட்ஸ்கார்த் மலையேறித்தான் வெளியே போனார்கள். 1977இல் உச்சியில், 600 மீட்டருக்கும் மேலே, ஒற்றை வண்டி மட்டும் போகிற சிறு குகைப்பாதை கிடைத்தது. அதற்கும் பனியில் ஏறித்தான் போக வேண்டும். 2017இல் கீழ்மட்டத்தில் புதிய சுரங்கம் திறந்தீர்கள். அன்றோடு அந்த ஊரின் அச்சம் தீர்ந்தது. இதே அரசு, இதே கிழக்கு, இதே வகைப் பாறைதான். எங்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

செலவு அதிகம், ஊரில் இருப்பவர்கள் சில நூறு பேர் என்பது வழக்கமான பதில். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆனாலும் மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

இது சில நூறு பேரின் சாலை மட்டுமல்ல. ஐரோப்பாவின் பெருநிலத்திலிருந்து காரோடு இந்த நாட்டுக்கு வர ஒரே வழி நோரோனா கப்பல். டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸில் கிளம்பி, ஃபாரோ தீவுகளில் நின்று, எங்கள் துறையில் வந்து சேர்கிறது. எங்கள் ஃபியோர்டு ஆழமும் அமைதியும் கொண்டது. 1906இல் ஐஸ்லாந்தை உலகத்தோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறியதும் இங்கேதான். நாட்டின் வாசல் என்று விழா மேடைகளில் நீங்களே எங்களைச் சொல்கிறீர்கள். அந்த வாசலில் இறங்கும் குடும்பங்கள் முதலில் சந்திப்பது 620 மீட்டர் ஏற்றத்தை. புயல் அடித்தால் வண்டிகள் எல்லாம் ஊருக்குள்ளேயே வரிசையாக நிற்கின்றன.

அந்தப் பயணிகளில் பலர் வழியில் ஃபாரோவில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2020 டிசம்பரில் அங்கே எஸ்தரோய் தீவுக்குக் கடலுக்கடியில் 11 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள், நடுவில் கடலடி ரவுண்டானாவோடு. மூன்றாண்டு கழித்து சாண்டோய் தீவுக்கும் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் சுரங்கம் போட்டார்கள். சாண்டோயில் ஆயிரத்து சொச்சம் பேர்தான் வசிக்கிறார்கள். ஃபாரோ முழுதும் சேர்த்தால் 54,000 பேர் இருப்பார்கள், நாம் நான்கு லட்சத்தை நெருங்குகிறோம். நம்மைவிடச் சிறியவர்கள் கடலையே குடைந்துவிட்டார்கள்.

இங்கே குடையத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. காரன்யூகார் மின் திட்டத்துக்காக இதே கிழக்கில் 70 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் வெட்டியது அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனம். சில ஆண்டுகளில் வேலை முடிந்தது. 690 மெகாவாட் மின்சாரம் ரெய்தார்ஃபியோர்துரில் இருக்கும் அலுமினிய ஆலைக்குப் போகிறது, அந்த அலுமினியம் கப்பலேறி ஏற்றுமதியாகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆலை இந்தப் பகுதிக்கு வேலை கொடுத்தது. ஆனால் தண்ணீர் போவதற்கு 70 கிலோமீட்டர் குடைய முடிந்த நாட்டில் மனிதர்கள் போவதற்கு 13 கிலோமீட்டர் குடைய வழியில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்துக்கு வழி தேடவும் நம் நாட்டுக்குத் தெரியும். 1998இல் திறந்த ஹ்வால்ஃபியோர்துர் சுரங்கத்துக்கு இருபது ஆண்டுகள் சுங்கம் வாங்கினார்கள். கடன் அடைந்ததும் 2018இல் சுங்கம் நின்றது. எங்களிடமும் வாங்குங்கள், தருகிறோம். இப்போதே தந்துகொண்டுதான் இருக்கிறோம். 2024 முதல் மின்கார் வைத்திருப்பவர் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம் கட்டுகிறார். ரெய்க்யவிக்கில் இருப்பவர் வேண்டாமென்றால் பேருந்தில் போகலாம். நாங்கள் மளிகைக்கும் பல் மருத்துவருக்கும் பிள்ளைகளின் மேல்நிலைப் பள்ளிக்கும் மலையேறித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் வேலை. நான் இந்த ஊருக்கு வந்தது மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலைக்காக. 2024இல் அதை மூடிவிட்டார்கள். கணக்குப் பார்த்து எடுத்த முடிவு என்றார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், சிலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். நான் எகில்ஸ்ஸ்தாதிரில் வேலை தேடிக்கொண்டேன். குளிர்காலத்தில் காலையில் எழுந்ததும் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுகிறேன். மூடியிருந்தால் அன்றைய சம்பளம் இல்லை. வேலைக்குப் போன பிறகு மூடினால் இரவு யார் வீட்டிலாவது படுக்க வேண்டும். 2020இல் எங்கள் ஊரை எகில்ஸ்ஸ்தாதிர் முதலிய பகுதிகளோடு சேர்த்து மூலாதிங் என்ற ஒரே நகராட்சியாக்கினார்கள். ஒன்றாக இணைந்தால் சுரங்கம் வரும் என்ற நம்பிக்கை அதற்கு வாக்களித்த பலரிடம் இருந்தது. நகராட்சி ஒன்றாகிவிட்டது. நடுவில் மலை அப்படியே நிற்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாள் கணக்கில் கொட்டிய மழையில் மலைச்சரிவு பெயர்ந்து ஊருக்குள் இறங்கியது. இந்த நாட்டில் குடியிருப்புப் பகுதியில் விழுந்த மண்சரிவுகளில் அதுவே பெரியது. பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. யாரும் சாகவில்லை என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. அன்றே ஊர் முழுதையும் காலி செய்யச் சொன்னார்கள். கிழவர்கள், கைக்குழந்தைகள், நாய் பூனையோடு எல்லோரும் போனது அந்த மலைச்சாலை வழியாகத்தான். அன்று பெய்தது மழை, அதனால் சாலை திறந்திருந்தது. அது பனிப்புயலாக இருந்து, சரிவும் இறங்கியிருந்தால் நாங்கள் எங்கே போயிருப்போம்? 1885இல் இதே ஊரில் பனிச்சரிவு 24 பேரைக் கொன்றது. பனியும் மண்ணும் இறங்குகிற மலைகளுக்கு நடுவே ஓர் ஊர் இருக்க அனுமதிக்கும் அரசு, அந்த ஊரிலிருந்து வெளியேற நம்பகமான ஒரு வழியும் தர வேண்டாமா?

இந்த இடத்தில் என் கோபம் எங்கள் ஊரோடு நிற்பதில்லை. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ரெய்க்யவிக்கிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். முடிவுகளும் அங்கேயே எடுக்கப்படுகின்றன. நாட்டைச் சுற்றிவரும், 1974இல் முழுமையான சுற்றுச்சாலையின் கடைசி மண்பாதைத் துண்டுக்குத் தார் விழ 2019 வரை ஆனது. அந்தத் துண்டு இருந்ததும் கிழக்கில், பேருஃபியோர்துரில். 2020 அக்டோபரில் மேற்கு ஃபியோர்டுகளில் தீராஃபியோர்துர் சுரங்கத்தைத் திறந்ததோடு சாலைச் சுரங்க வேலை நாட்டில் நின்றே போனது. ஆண்டுக்கு இருபது லட்சம் சுற்றுலாப் பயணிகளை அழைக்கிறோம். அவர்கள் பனியில் சிக்கினால் மீட்கப் போவது சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அந்த மீட்புக் குழுக்கள் பெரும்பாலும் புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுத்தான் வண்டிக்கும் கருவிக்கும் பணம் சேர்க்கின்றன. என் மனைவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் அப்படிப் பட்டாசு விற்றவர்கள்தான். அவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. அவர்களின் துணிச்சலை நம்பியே அரசு இவ்வளவு காலம் ஓட்டுகிறதே என்று நினைத்தால் கோபம் வருகிறது.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வடக்கே சிக்ளுஃபியோர்துர் மக்களின் சாலை கடலை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்குச் சுரங்கம் வேண்டும், சீக்கிரம் வேண்டும். மேற்கு ஃபியோர்டுகளில் சூதாவிக் சாலையில் போகிறவர்கள் மேலே பனிச்சரிவைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள், அவர்களுக்கும் வேண்டும். எங்களுக்குள் யார் முதலில் என்று சண்டை மூட்டிவிடாதீர்கள். ஒரு மலையை முடித்தால்தான் அடுத்த மலை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஃபாரோவில் இரண்டு கடலடிச் சுரங்கங்களின் வேலையும் ஒரே காலத்தில் நடந்தது.

வேறு தடம் நல்லது, தெற்கே மியோய்ஃபியோர்துர் வழியாகப் போகலாம் என்று இப்போது பேச்சு எழுந்தால், அதையும் கேட்கத் தயாராக இருக்கிறோம். ஆனால் புதிய தடம் என்றால் புதிய ஆய்வு, புதிய குழு, புதிய அறிக்கை. ஆயத்தமாக இருக்கும் திட்டத்தை ஓரம் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் என் மகள் பள்ளி முடித்து ஊரை விட்டுப் போகும் வரை நாங்கள் கூட்டங்களில்தான் உட்கார்ந்திருப்போம்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். செப்டம்பரில் ஆல்திங்கி கூடி வரவுசெலவுத் திட்டம் தாக்கலாகும்போது ஃபியார்தார்ஹெய்தி சுரங்கத்துக்கென்று அதில் ஒரு தொகை இருக்க வேண்டும். வேலை தொடங்கும் ஆண்டும் மாதமும் எழுத்தில் வேண்டும். அதற்கு முன் எங்கள் ஊருக்கு வந்து, சமூகக் கூடத்தில் உட்கார்ந்து, நாங்கள் கேட்பதற்கு நேரில் பதில் சொல்லுங்கள். எந்த நாள் என்று தெரிவித்தால் போதும், கூட்டத்துக்கான ஏற்பாட்டை நாங்கள் செய்துகொள்கிறோம்.

மரியாதையுடன்,
சேய்திஸ்ஃபியோர்துர் ஊரில் குடியிருக்கும் ஒரு தகப்பன்