பழைய காரின் அடித்தளத் துரு: உடனே கறுப்பு அடிக்க ஏன் மறுக்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வண்டிக்கு அடியில் கறுப்பாக அடித்து வையுங்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று பலர் கேட்கிறீர்கள். ஒரே நாளில் ஆகாது என்றால், வேலையை இழுத்தடிக்கிறோம் என்று சிலருக்குத் தோன்றுகிறது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கு ஏன் அப்படிச் செய்வதில்லை என்று விளக்கத்தான் இந்த மடல்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். அதனால் மழை இல்லாத நாளிலும் உப்புப் படிந்த தகடு காய்வதில்லை. கடலோரத்தில் ஓடும் வண்டிகளும், பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓடும் வண்டிகளும் சீக்கிரம் இற்றுப்போவதற்குக் காரணம் இதுதான். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அந்த உலோகத்தை ஒட்டிக்கொண்டு காக்கும். இரும்புத் துருவுக்கு அந்தக் குணம் கிடையாது. அது ஊதிப் பருக்கும், பெயின்டைத் தூக்கும், பொருக்குப் பொருக்காக உதிரும். அடியில் இருக்கும் இரும்பு மறுபடி வெளியே தெரியும். பெரும்பாலான கார்களில் தரைத் தகடு 1 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. ஆகவே துரு தின்று தீர்க்க அதிக காலம் எடுக்காது.

நீங்கள் கேட்கும் அந்தக் கறுப்பை, அதாவது தாரோ ரப்பரோ கலந்த கெட்டிப் பூச்சை, புதுத் தகட்டில், நல்ல பிரைமரின் மேல் அடித்தால் பயனுண்டு. தெறிக்கும் கல்லைத் தாங்கும். துருவின் மேல் அடித்தால்தான் வம்பு. நாளாக ஆகப் பூச்சு இறுகி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவில் தங்கிவிடும். தகட்டுக்கு ஈரச் சாக்கைச் சுற்றிவிட்ட மாதிரிதான். மேலே பார்த்தால் கறுகறுவென்று அழகாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் பொத்துக்கொண்டு போகும். விற்பனைக்கு வரும் பழைய வண்டியில் அடிப்பக்கம் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், எங்களுக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

எங்கள் பட்டறையில் முதல் வேலை கழுவுவது. மட்கார்டின் உள்மடிப்பில் வருடக்கணக்காக அடைந்த சேறு, கதவின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், உள்ளே கூடான பகுதி) இருக்கும் வடிகால் ஓட்டைகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்வோம். அந்த ஓட்டைகள் அடைபட்டால் கதவே தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். அடுத்தது காயவைப்பது. நாள் பிடிப்பது இதற்குத்தான். வெளியே காய்ந்துவிட்டாலும் தகட்டின் மடிப்புகளுக்குள் ஈரம் நிற்கும். அதோடு பூச்சு ஏற்றினால் துருவை நாமே உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

பிறகு தட்டிப் பார்ப்போம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இற்ற தகடு சொத்தென்று கேட்கும். ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் மாட்டும் இடம், சீட் பெல்ட் இறங்கும் இடம், பிரேக் பைப் இவற்றில் துரு ஆழமாக இருந்தால் பூச்சுப் பேச்சே இல்லை. இற்ற தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், பிரேக் பைப் என்றால் புதிதாகவே மாற்ற வேண்டும். பைபர் ஒட்டிப் பட்டி பார்த்து மூடும் வேலையை, எவ்வளவு கேட்டாலும், அந்த இடங்களில் செய்ய மாட்டோம்.

மேலோட்டமான துருவுக்கு வயர் பிரஷ் போட்டுப் பொருக்கை உதிர்த்தபின் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அதில் இருக்கும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மிச்சத் துருவை வேறு சேர்மமாக மாற்றிவிடும். டானிக் அமிலம் உள்ளது என்றால் இடம் கறுத்துவிடும். உதிரும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டுமே மாறும், வீண். துத்தநாகம் பூசிய தகடு என்றால் கிரைண்டரை அடக்கித்தான் பிடிப்போம். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மறுபடி வராது.

அதன்பின் அடிக்கும் பூச்சில் எங்கள் தேர்வு மெழுகு அல்லது லானோலின் வகை. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்புதான் லானோலின். இரண்டும் இறுகாமல் பிசுபிசுப்பாக இருக்கும். மடிப்புக்குள் ஊர்ந்து போகும், சிறு கீறலைத் தானே மூடிக்கொள்ளும். கை வைத்தால் ஒட்டும், தூசி பிடிக்கும், பார்க்க அசிங்கம். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேலே தொட்டுவிடவும் வேண்டும். ஆனால் அடியில் என்ன நடக்கிறது என்பதை மறைக்காது. கண்ணில் படும் அடித்தட்டைவிட, கண்ணில் படாத ரன்னிங் போர்டின் உட்புறமும் சேஸிஸ் பெட்டியின் உட்புறமும்தான் முக்கியம். அங்கே நீண்ட குழாயை விட்டு மெழுகைத் தெளிப்போம். ஒரே ஒரு இடத்துக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால், அந்த உட்புறத்துக்கே செய்யுங்கள்.

சைலன்சர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பிரேக் டிஸ்க், சென்சார்கள், வடிகால் ஓட்டைகள் ஆகியவற்றில் பூச்சு படக்கூடாது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த பூச்சு ரப்பர் புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். அதனால்தான் மறைப்புக் கட்டவே அத்தனை நேரம் எடுக்கிறோம்.

பேட்டரியில் மாட்டும் மின்சாரப் பெட்டி துருவைத் தடுக்குமா என்றும் கேட்கிறீர்கள். கப்பலின் செப்பு அடித்தகட்டை இன்னொரு உலோகம் சேர்த்துக் காக்கலாம் என்று ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1824-லேயே காட்டினார். இந்தப் பெட்டியும் அதே மாதிரி வழியைத்தான் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அந்த வழி கடலில் மூழ்கிய அடித்தகட்டுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும்தான் பொருந்தும். மின்சுற்று முடிய, தகட்டைச் சுற்றித் தொடர்ந்து நீரோ ஈர மண்ணோ வேண்டும். சாலையில் ஓடும் காருக்கு அது இல்லை. அந்தப் பெட்டியை நாங்கள் விற்பதில்லை.

வண்டியைக் கொண்டு வருமுன் உள்ளே தரை விரிப்பைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஏ.சி. வடிகுழாய் அடைத்தாலும், கண்ணாடி ரப்பர் கசிந்தாலும் தரைத் தகடு உள்ளிருந்தே அரிக்கும். கசிவை அடைக்காமல் அடியில் என்ன பூசியும் பயனில்லை. முன்பு யாராவது ஏதாவது பூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வெல்டிங் வேலை பாக்கியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுவோம். மெழுகு அடித்த பெட்டிக்கு அருகில் வெல்டிங் பொறி விழுந்தால் தீப்பற்றும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்