கழுத்துக் கட்டியின் அளவைச் சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய்ப்புற்றுநோய் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆறாத புண், வெண்படலம், வாயை முழுதாகத் திறக்க முடியாமை என அறிகுறிகளைத் தெளிவாகச் சொன்ன அக்கட்டுரை, கழுத்தில் தோன்றும் கட்டியை ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்த வரியிலும், மருந்து சாப்பிட்டதும் சுருங்கிவிடும் கட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற பொருளே தொனிக்கிறது. அதே நம்பிக்கையால் என் அண்ணன் ஏறத்தாழ ஐந்து மாதங்களை இழந்தார் என்பதால் இதை எழுதுகிறேன்.

அண்ணன் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே டிக்கெட் கிழித்தவர். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் சவரம் செய்யும்போது இடத் தாடைக்குக் கீழே ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டிருக்கிறது. நெறி கட்டியிருக்கிறது என்று அண்ணி ஒத்தடம் கொடுத்தார். அடங்கவில்லை. அருகிலிருந்த மருத்துவர் ஏழு நாளைக்கு ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். நெல்லிக்காய் அளவு இருந்தது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது என்று அண்ணி தொலைபேசியில் மகிழ்ந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த மாதமே மறுபடி பருத்தது. வேறொரு மருத்துவர் கண்டமாலையாக, அதாவது கழுத்தில் வரும் காசநோயாக இருக்கலாம் என்றார். நம் நாட்டில் கழுத்துக் கட்டிக்குக் காசநோய் ஒரு பெருங்காரணம் என்பதால் அந்த ஐயத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் கட்டியில் ஊசி குத்திச் சிறிது எடுத்துச் சோதிக்கும் ஊசிப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தாமலே மாத்திரையைத் தொடங்கியதையும், நான்கு முறை போயும் ஒருவர்கூட விளக்கடித்து வாய்க்குள் பார்க்காததையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடைவாய்ப் பல்லை ஒட்டிக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் இருந்தது.

கடைசியாகச் சென்ற அரசு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவின் இளம் மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு, கட்டி எவ்வளவு நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டார். எங்களிடம் இருந்த நான்கு சீட்டுகளையும் மேசையில் விரித்தோம். நான்கிலும் கழுத்தில் வீக்கம் என்று மட்டுமே எழுதியிருந்தது. அளவு எதிலும் இல்லை. நெல்லிக்காய், புளியங்கொட்டை, சிறிய எலுமிச்சை என்று நாங்கள் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஸ்கேலை வைத்து அளந்து, 3.2 செ.மீ. என்று தேதியோடு எழுதினார்.

அந்த எண் எவ்வளவு முக்கியமானது என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. வாய்ப்புற்றுநோயின் நிலையை வகுக்கும்போது, கழுத்தில் கட்டியாகத் தட்டுப்படும் நிணநீர்க்கணு ஒன்று மட்டும் 3 செ.மீ.க்கு மிகாமல் இருந்தால் ஒரு படி, அதைத் தாண்டி 6 செ.மீ. வரை இருந்தால் அடுத்த படி, 6 செ.மீ.க்கும் மேல் போனால் அதற்கும் அடுத்த படி என்று கணக்கிடுகிறார்கள். கணுவின் உறையை உடைத்துக்கொண்டு நோய் வெளியே பரவியிருந்தால் அளவு சிறியதானாலும் படி உயர்ந்துவிடும். அண்ணனின் கட்டி எந்த வாரத்தில் அந்த 3 செ.மீ. கோட்டைக் கடந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

புற்றுநோய்க் கட்டி ஆண்டிபயாடிக்கில் ஏன் சுருங்கியது என்று நான் கேட்டேன். வாய்ப்புண்ணில் கிருமித்தொற்றும் சேர்ந்துகொள்ளும்போது அதனாலும் கணு வீங்கும் என்றும், மருந்து அந்த வீக்கத்தை மட்டுமே வடியச் செய்யும் என்றும், உள்ளே இருக்கும் நோய் அப்படியே தங்கிவிடும் என்றும் மருத்துவர் விளக்கினார். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் எச்சரிக்கிறது: தொற்றுக்கான அறிகுறி இல்லாத பெரியவர்களின் கழுத்துக் கட்டிக்கு வழக்கம்போல ஆண்டிபயாடிக் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்; முழுதாக மறையாமல் பாதி மட்டும் சுருங்கினால் ஐயம் நீங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. 1.5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியையும் அது ஐயத்துக்குரியதாகவே வைத்திருக்கிறது.

பெரிதாக இருப்பதெல்லாம் புற்று என்பதும், சிறிதாக இருப்பதெல்லாம் தீங்கற்றது என்பதும்கூட உண்மையில்லை. அறுவைச் சிகிச்சையில் அண்ணனின் கழுத்திலிருந்து 31 கணுக்களை எடுத்தார்கள். ஆய்வக அறிக்கையை அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். முதலில் அளந்த பெரிய கணுவில் நோய் இருந்தது. அதற்கு அடுத்த பெரிய கணு 1.8 செ.மீ.; அதில் அழற்சி தவிர ஒன்றும் இல்லை. கையில் தட்டுப்படாமல், ஸ்கேனிலும் எவரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்த 0.8 செ.மீ. கணு ஒன்றில் நோய் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த அறிக்கையின் பொருளை எனக்கு விளக்கியது. கழுத்தில் கட்டியே தென்படாத ஆரம்பநிலை வாய்ப்புற்றுநோயாளிகளில், முதல் அறுவையிலேயே கழுத்துக் கணுக்களையும் நீக்கியவர்களில் மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தோர் 80 சதவீதம். கட்டி தெரிந்த பிறகு நீக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

சிகிச்சைக்குப் பின்னும் இந்த அளவுக் குழப்பம் குடும்பங்களை விடுவதில்லை. அண்ணனுக்குக் கரண்ட் வைத்த, அதாவது கதிர்வீச்சு கொடுத்த முப்பது நாளும் எங்களோடு அதே பெஞ்சில் காத்திருந்த ஒருவருக்குத் தொண்டையில் புற்று. அறுவை இல்லாமல் கதிர்வீச்சும் கீமோவும் மட்டுமே கொடுத்திருந்தார்கள். சிகிச்சை முடிந்து ஒரு மாதமாகியும் கழுத்துக் கட்டி முழுதாக வடியவில்லை என்று அவருடைய மனைவி தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். கதிர்வீச்சு முடிந்த பின்பும் கணுக்கள் பல வாரங்களுக்கு மெல்ல மெல்லச் சுருங்கும் என்பதை யாராவது அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தில் 564 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து, நோய் எஞ்சியிருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கழுத்தில் அறுவை செய்தார்கள். எல்லோருக்கும் அறுவை செய்த பிரிவோடு ஒப்பிட்டால் உயிர்காப்பில் குறைவில்லை; பெருவாரியானவர்கள் கத்தியிலிருந்து தப்பினார்கள். மருத்துவர் சொல்லும் 12 வாரக் காத்திருப்பை அலட்சியம் என்று எண்ணி வேறிடம் தேடி அலைபவர்கள் இதை அறிய வேண்டும்.

மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கழுத்தில் கட்டி என்று வருபவரின் வாயைத் திறந்து பாருங்கள். கட்டியைச் சென்டிமீட்டரில் அளந்து, எந்தப் பக்கம், கெட்டியா மிருதுவா, அசைகிறதா என்பதோடு தேதியிட்டுச் சீட்டில் எழுதுங்கள். ஒரு நிமிட வேலை இது. அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு எங்கள் நெல்லிக்காயையும் புளியங்கொட்டையையும் விட அந்த ஒரு வரி பயன்படும். இரண்டு, மூன்று வாரத்தில் முழுதாக மறையாத கட்டியை ஊசிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

தங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. வாய்ப்புற்றுநோய் பற்றி அடுத்து எழுதும்போது கழுத்துக்கென்று ஒரு முழுப்பக்கம் ஒதுக்க வேண்டும். எங்கே, எப்படித் தடவிப் பார்ப்பது என்பதைப் படத்தோடு போட வேண்டும். அதைக் கத்தரித்துப் பணிமனை ஓய்வறைச் சுவரில் ஒட்டுவதற்கு, இன்னும் புகையிலையை விடாத அண்ணனின் பழைய நண்பர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்