ஆட்டக்காரர்களின் பணம் எங்கே இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய விளையாட்டுத் தொழிலில் பெயர் எடுத்தவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், அமெரிக்காவின் கிறிஸ் ஃபெர்குசன் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தேன். நீண்ட முடி, தாடி, அகலமான தொப்பி, போக்கர் என்னும், பணம் வைத்து ஆடும் சீட்டாட்டத்தில் 2000-ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 15 லட்சம் டாலர் பரிசு, 2004-இல் ஃபுல் டில்ட் போக்கர் என்ற இணையதளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் 2011-க்கு மட்டும், சட்டச் சிக்கலால் தளம் முடங்கியது என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 31 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில். எனக்குச் சீட்டாட்டத்தில் ஆசை கிடையாது. ஃபெர்குசனை எனக்கு அறிமுகப்படுத்தியவன் என் மகன். நிகழ்தகவு படித்துக்கொண்டிருந்த நாட்களில் அவருடைய ஒரு சோதனையை எனக்கு விளக்கினான். கையில் ஒரு சென்ட்கூட இல்லாமல், இலவசப் போட்டிகளில் ஆரம்பித்து, 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்று 2006-இல் இறங்கினார் அந்த மனிதர். தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டார். ஒரு மேசையில் உட்காரும்போது கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. பல மேசைகள் கொண்ட பெரிய போட்டி என்றால் 2 சதவீதம்தான். ஜெயித்து ஜெயித்து முன்னால் இருக்கும் பணம் மொத்தக் கையிருப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால், எழுந்து போய்விட வேண்டும். முதல் சில டாலர்களுக்கே மாதக்கணக்கில் உட்கார்ந்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, முடித்தும் காட்டினார். அவருடைய தந்தை லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆட்டக் கோட்பாடு கற்பித்தவர். இவரும் அங்கேயே கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தக் கட்டுப்பாட்டை மனமார மதித்தேன், வீட்டில் பலமுறை எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இவ்வளவு உறுத்துகிறது.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு போக்கர் தளங்களின் மேல் வழக்குப் போட்டது. ஆட்டக்காரர்கள் தளத்தில் வைத்திருந்த தங்கள் பணத்தைக் கேட்டார்கள். ஃபுல் டில்ட்டால் கொடுக்க முடியவில்லை. செப்டம்பரில் அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வைத்த கணக்கு இது: அந்த ஆண்டு மார்ச் முடிவில் உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் இயக்குநர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் போனது 44 கோடிக்கும் மேல்.

அந்தக் குற்றச்சாட்டில் இன்னொரு விஷயம் உண்டு. என்னைப் போன்ற காசாளர்களுக்கு அது சட்டென்று புரியும். அமெரிக்க ஆட்டக்காரர்களின் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை வசூலிக்க வழி அடைபட்ட பிறகும், அது வந்துவிட்டதாகவே அவர்களின் ஆட்டக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள். அப்படி வராத பணம் மட்டும் சுமார் 13 கோடி டாலர். செக் கிளியரிங்கில் பாஸ் ஆகும் முன் வரவு வைத்து, அதிலிருந்து பட்டுவாடாவும் செய்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும்? நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஒரு மாலை கல்லாவில் இரண்டு நோட்டு குறைந்தது. தலைமைக் காசாளர் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. எல்லாக் கட்டையும் பிரித்து மறுபடி எண்ணினோம். கிடைக்கவில்லை. என் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை நேர் செய்த பிறகுதான் பெட்டகத்தைப் பூட்டினார். அன்று அழுகை வந்தது. இன்று அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

ஃபெர்குசன் மேல் கிரிமினல் வழக்கு இல்லை என்பதையும், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2013-இல் அரசுடன் சமரசம் செய்துகொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றாட நிர்வாகம் வேறொருவர் கையில் இருந்தது. ஆனாலும் அவர் இயக்குநர் குழுவில் இருந்தவர். தன் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாதவர், பிறர் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டாமா?

இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் என்றும் தள்ளிவிட முடியாது. அதே நாளில் அதே வழக்கில் சிக்கிய போக்கர்ஸ்டார்ஸ் என்ற இன்னொரு தளம், அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைச் சில வாரங்களிலேயே திருப்பித் தரத் தொடங்கியது. ஆட்டக்காரர் பணத்தை நிறுவனப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருந்தார்கள், அதுதான் காரணம். அதை நிறுவிய இசாய் ஷெயின்பெர்க்கும் 2020-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கடைசியில் 2012-இல் அதே போக்கர்ஸ்டார்ஸ்தான் அரசுடன் செய்த 73.1 கோடி டாலர் சமரசத்தில் ஃபுல் டில்ட்டையும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த ஆண்டு நவம்பரில் பணம் கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு முதல் தவணை வந்தது 2014 பிப்ரவரியில். ஏறக்குறைய மூன்று வருடம். வாடகைக்கும் படிப்புக்கும் அந்த இருப்பை நம்பியிருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ.

ஃபெர்குசன் 2016-இல் உலகப் போக்கர் தொடருக்குத் திரும்பி வந்தார். 2017-இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். உங்கள் கட்டுரை அதைப் பாராட்டியிருக்கிறது. அவர் வாய்திறந்து வருத்தம் தெரிவித்தது 2018-இல், ஒரு நிமிடம்கூட நீளாத ஒரு வீடியோவில்.

இப்படிப்பட்ட தொழில்முனைவோரைப் பற்றி அடுத்து எழுதும்போது, எவ்வளவு ஜெயித்தார் என்பதோடு வாடிக்கையாளர் பணம் தனிக் கணக்கில் இருந்ததா என்றும் விசாரித்து எழுதுங்கள். ஃபெர்குசன் பகுதிக்கு ஒரு சின்னப் பின்குறிப்பாவது போடுங்கள். 2011 செப்டம்பர், 2014 பிப்ரவரி ஆகிய இரண்டு தேதிகளும் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர்