சேர்ந்தவர்கள் கணக்கும் இடையில் நின்றவர்கள் கணக்கும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாகத் தங்கள் இதழை விடாமல் வாங்கிப் படித்துவரும் வாசகி நான். சென்ற இதழின் உயர்கல்விச் சிறப்புப் பகுதியில், பெண்களுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் பல்கலைக்கழகங்கள் செய்து முடித்துவிட்டன என்றும், இதற்கு மேல் முன்னேறுவதும் பின்தங்குவதும் அவரவர் ஆர்வத்தைப் பொறுத்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த பிறகு இதழின் மற்றப் பக்கங்களைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை. தாங்களும் படித்துப் பார்த்த பிறகுதானே அது அச்சுக்குப் போயிருக்கும் என்ற நினைப்பு இன்னும் அதிகமாக வருத்தியது.

கட்டுரையில் தரப்பட்ட எண்களில் பிழையில்லை. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47.3 விழுக்காடு; நாடு முழுவதும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த பெண்கள் 98,636 பேர். 2014-15இல் அந்த எண்ணிக்கை 47,717தான். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியருக்கு மாதந்தோறும் கிடைக்கும் 1,000 ரூபாய் என்ன செய்கிறது என்பதை நான் தினமும் வகுப்பறையில் பார்க்கிறேன். அது இல்லையென்றால் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் நன்றி சொல்ல நான் தயங்கவில்லை. ஆனால் இவை அனைத்தும் சேர்ந்தவர்களின் கணக்கு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, திருமணத்தாலோ பிரசவத்தாலோ இடையில் நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் என்று கட்டுரையாளர் ஒரு துணைவேந்தரிடமாவது கேட்டிருக்கலாம்.

நான் 2009இல் வேதியியலில் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. மகளிர் விடுதியின் கதவு மாலை ஆறரை மணிக்குப் பூட்டப்படும். ஆண்கள் விடுதியில் இரவு எந்நேரமும் போகலாம், வரலாம். வேதியியல் ஆய்வு தெரியாதவர்களுக்கு இதில் என்ன இழப்பு என்று விளங்காது. சிலிக்கா நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் கலவையை ஊற்றி, மேலிருந்து கரைப்பானைச் சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கீழே சொட்டும். பல நாள்களில் இந்த வேலை முடிய இரவு பத்து மணி ஆகிவிடும். இடையில் விட்டுவிட்டுப் போய் கரைப்பான் வற்றிவிட்டால், காய்ந்த குளத்து மண்போல உள்ளே சிலிக்கா வெடித்துவிடும். பிறகு குழாயைக் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆறேகால் மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குழாயின் திருகை மூடிவிட்டு விடுதிக்கு ஓடிய நாள்களையும், மறுநாள் காலையில் வெடித்துக் கிடந்த குழாயின் முன் நின்ற நாள்களையும் நான் மறக்கவில்லை. ஆய்வகத்து அண்ணன் ஒருவர் தன் வேலைக்கிடையே என் குழாயையும் பார்த்துக்கொண்டதால்தான் இரண்டாம் ஆண்டு முடிவுகளாவது எனக்குக் கிடைத்தன. நேர நீட்டிப்புக் கேட்டு நாங்கள் ஒன்பது பெண்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவுக்கு, எங்கள் பெற்றோருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னதே பதிலாக வந்தது. இதில் எங்கள் ஆர்வத்தில் என்ன குறை இருந்தது என்பதைக் கட்டுரையாளர் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2012இல் என் மகன் பிறந்தான். ஆய்வாளருக்கு மகப்பேறு விடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை என்றார்கள். மாதந்தோறும் கிடைத்த சில ஆயிரம் ரூபாய் உதவித்தொகை நின்றது. பிரசவமான அறுபதாம் நாள் நான் துறைக்குத் திரும்பினேன். என் அம்மா குழந்தையோடு துறைக் கட்டடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பாலூட்டுவதற்கு உபகரணங்கள் அடுக்கிய ஓர் இருட்டறைதான் எனக்கு வாய்த்தது. 2015இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, 2016இல் பட்டம் பெற்றேன். அதே 2016இல்தான், பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. எனக்குக் கிடைக்காதது என் பின்னால் வருபவர்களுக்குக் கிடைக்கும் என்று உண்மையாகவே மகிழ்ந்தேன். 2019இல் என் மாணவி ஒருத்தி அந்த விதி வெளியான அரசிதழின் நகலை எடுத்துக்கொண்டு தன் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். தங்களுக்கு அப்படி ஆணை எதுவும் வரவில்லை என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2022இல் வந்த புதிய விதிகளிலும் இந்த விடுப்பு அப்படியே இருக்கிறது. விதி இருப்பதை உரியவர்களுக்குத் தெரிவிக்கும் கடமை யாருடையது?

பட்டத்துக்குப் பிறகான கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கல்லூரி நேர்முகத் தேர்வில் என் ஆய்வைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது; குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பற்றி மூன்று கேள்விகள் வந்தன. எனக்கு முன் உள்ளே போய்வந்த ஆண் நண்பருக்கும் அதே வயதில் குழந்தை இருந்தது. அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. வேறொரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தபோது இரண்டாவது பிரசவத்துக்குப் போய்த் திரும்பினேன். என் பாடவேளைகள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. குடும்பப் பொறுப்பால் இடைவெளி விழுந்து மீண்டும் ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்காகவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03ஆம் ஆண்டிலிருந்து பெண் விஞ்ஞானிகள் திட்டத்தை நடத்திவந்தது என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. நான் பயின்ற துறையின் அறிவிப்புப் பலகையில், ஆறு ஆண்டுகளில் ஒருநாள்கூட அந்த விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.

கட்டுரை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிலிருந்து தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரியான எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அவர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர முடிந்ததற்கும், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதற்கும் அவருடைய ஆர்வம் மட்டுமே காரணம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். எதிர்ப்புகளை மீறி அவரைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புதுக்கோட்டை மன்னர் ஆணையிட்டார். அந்த ஆணை நடைமுறைக்கும் வந்தது. இன்றும் ஆணைகள் இருக்கின்றன, ஐயா. அவை அலுவலகக் கோப்புகளைத் தாண்டி வருவதில்லை.

தங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. ஆய்வு மாணவியருக்கான 240 நாள் விடுப்பு விதியையும் இரண்டு ஆண்டுக் கூடுதல் அவகாசத்தையும், விதியின் ஆண்டும் பெயரும் தெளிவாகத் தெரியும்படி, தங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டும். தங்கள் இதழில் அச்சானதைக் காட்டினால் அலுவலகங்களில் சற்றேனும் நின்று கேட்பார்கள். என்னிடம் படித்த மாணவியர் இருவர் இப்போது ஆய்வில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு இது ஏழாம் மாதம். அடுத்த இதழிலேயே வந்தால் அவள் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போவாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)
புதுக்கோட்டை மாவட்டம்